தம்பியின் கட்டிலில் லாரிக்காரன்

ஜூன் 3

ஜட்ஜம்மாவுக்கு,

நீ எழுதின மாதிரி எனக்கு ஒண்ணும் புத்தி பேதலிக்கல. இருந்தாத்தானே பேதலிக்கிறதுக்கு? அது என்கிட்ட இல்லைன்னு உங்கம்மா உயிரோட இருந்தப்பவே தெருவுக்கெல்லாம் சொல்லி வெச்சிருந்தா. உனக்குத்தான் மறந்து போச்சு.

எதிர்வீட்டு டெய்லரம்மா உனக்குப் போன் போட்டு ஊதிட்டாங்க, சரி. அவங்க சொன்னது நெசம்தான். அவனேதான். உன் தம்பி பைக் மேல லாரியை ஏத்திட்டு ஓடிப்போய், மாட்டி, ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவன். இப்ப நம்ம முன்ரூம்ல, உன் தம்பி கட்டில்ல படுத்திருக்கான். வயித்துல புத்து. ரொம்ப முத்திப் போச்சு.

நான் ஒண்ணும் அவனைத் தேடிட்டுப் போகல. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் எங்க சபையில நாலு பேர் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்ல, ரொட்டி குடுக்க, ஜெபம் பண்ண. எனக்கு ஜெபம் பண்ண வராது, நடுவுல சிரிப்பு வந்துடும். அதனால என்னை நகம் வெட்ட விட்டிருக்காங்க. பட்டறையில இரும்பு வெட்டின கைக்கு ஆண்டவர் கடைசியா குடுத்த வேலை இதுதான்.

வார்டுல கடைசிக் கட்டில். கையைப் பிடிச்சு ரெண்டு விரல் வெட்டின பிறகுதான் மூஞ்சியைப் பார்த்தேன். கோர்ட்ல பார்த்தப்ப கழுத்தும் தலையும் ஒரே தடிமன்ல இருப்பான். இப்ப உள்ள ஒண்ணும் இல்லாத தலகாணி உறை மாதிரி கிடக்கான். அவனுக்கும் என்னைத் தெரிஞ்சுடுச்சு. கையை இழுத்துக்கப் பார்த்தான். "இருப்பா, மீதி விரலை என்ன பண்றது"ன்னேன். விட்டுட்டான்.

வெட்டி முடிக்கிறப்ப நர்ஸம்மா வந்து, இவருக்கு இனிமே இங்க பண்ண ஒண்ணும் இல்ல, கட்டில் வேணும், கூட்டிட்டுப் போக யாராவது இருக்கீங்களான்னு கேட்டுச்சு. வார்டே சுவரைப் பார்த்துது. என் கை தானா மேல போச்சு. ஸ்கூல்ல ஒரு நாள் கூட கை தூக்காத ஆளு நான்.

அன்னிக்குக் காலையிலதான் எங்க போதகர் எதிரியை நேசிக்கிறது பத்தி ரொம்ப நேரம் பேசினார். சபை மொத்தமும் தலையை ஆட்டுச்சு. அவங்கெல்லாம் படிச்சவங்க, அது பேச்சுக்குன்னு புரிஞ்சுக்கிட்டாங்க. நான் அஞ்சாம் கிளாஸு. நெசம்னு நினைச்சுட்டேன்.

கட்டிலைப் பத்திக் கோவிச்சுக்கிட்டு எழுதியிருந்த. அவன் ராவுல உருண்டுடுறான், அதுக்குத்தான் ரெண்டு பக்கமும் கம்பி வெச்சு வெல்டிங்ல பத்த வெச்சேன். தம்பி மெத்தையைக் குடுக்கல. அது சுருட்டி பீரோ மேல இருக்கு, போர்வை சுத்தி.

போன்ல பேசலாம்னு மட்டும் சொல்லாதே. சம்மட்டி அடி வாங்கின காது இது. நீ திட்டுறது எனக்குத் தாலாட்டு மாதிரித்தான் கேக்கும். கடுதாசியில திட்டு. ஒரு வார்த்தை விடாம வாங்கிக்கிறேன்.

அப்பன்


ஜூன் 11

அப்பா,

உங்கள் கடிதத்தை என் கணவரிடம் காட்டவில்லை. அவர் படித்தால் சிரிப்பார். எனக்கு இப்போது யாரும் சிரிக்க வேண்டாம்.

நீங்கள் எதையும் சிரிப்பாக்கிவிடுவீர்கள். தம்பியை வாங்கப் போன அன்று பிணவறை வாசலில்கூட அந்தக் காவல்காரரிடம் ஏதோ சொல்லி அவரைச் சிரிக்க வைத்தீர்கள். என்ன சொன்னீர்கள் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. அன்றிலிருந்து நீங்கள் வேடிக்கைப் பேச்சை ஆரம்பித்தாலே நான் அறையை விட்டு எழுந்து போய்விடுகிறேன்.

நானும் விசுவாசிதான். அவனை மன்னித்துவிட்டேன் என்று முழங்காலில் நின்று சொல்லியிருக்கிறேன். ஆனால் மன்னிப்பதற்கும் அவனுடைய மலத்தை அள்ளுவதற்கும் நடுவில் ஓர் எல்லை இருக்கிறது அப்பா. நாங்கள் எல்லோரும் அந்த எல்லைக்கு இந்தப் பக்கம்தான் குடியிருக்கிறோம். எங்களையும் ஆண்டவர் ஏற்றுக்கொள்வார் என்றுதான் நம்புகிறோம்.

என் பிரசவத்துக்கு நீங்கள் வரவில்லை. பட்டறையில் வேலை என்றீர்கள். உங்கள் பேத்தியைத் தூக்கச் சொன்னபோது, கை கரடுமுரடு, பிள்ளைக்குக் கீறிவிடும் என்றீர்கள். அந்தக் கைதான் இப்போது அவனைத் துடைத்துவிடுகிறது.

உலகம் முழுக்க என் வீடு, என் வண்டி என்று அலைகிறது. நீங்கள் என் பரிசுத்தம் என்று அலைகிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. இரண்டிலும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இங்கே ஓர் இல்லம் இருக்கிறது. கடைசிக் காலத்தில் இருப்பவர்களை நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். நான் பேசிவிட்டேன். அடுத்த வாரம் அவர்கள் வண்டி வரும். அவனை அதில் ஏற்றிவிடுங்கள். அதுவரை நானும் வரமாட்டேன், உங்கள் பேத்தியும் உங்களுக்கு எழுதமாட்டாள்.

மகள்


ஜூன் 22

ஜட்ஜம்மா,

தீர்ப்பு வந்து சேர்ந்துது. அப்பீல் பண்ணிக்கிறேன்.

வண்டி வந்துது. டிரைவர் நல்ல பையன், மூணு மாடி ஏறி மூச்சு வாங்கிட்டு நின்னான். லாரிக்காரன் அவனைப் பார்த்ததும் நான் பத்த வெச்ச கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டான். டிரைவருக்கு டீ போட்டுக் குடுத்து அனுப்பிட்டேன். அங்க அவனை நல்லாத்தான் பார்த்துக்குவாங்க, எனக்குத் தெரியும். நர்ஸு இருக்கு, மெத்து மெத்துன்னு படுக்கை இருக்கு. அனுப்ப எனக்குத்தான் மனசு வரல. அதை நீ சுயநலம்னு சொன்னா, நான் இல்லைன்னு சொல்லல.

'என் பரிசுத்தம்'னு எழுதியிருந்தியே. அது தைச்சுது. அதுக்குப் பதில் இன்னும் கிடைக்கல. தேடிட்டு இருக்கேன். அதுக்குள்ள இங்க நடக்கிற கூத்தைச் சொல்றேன்.

வந்த புதுசுல லாரிக்காரன் வாய்ல பச்சைத் தண்ணி படல. நான் விஷம் வெச்சுடுவேன்னு பயம். நானும் அவன் இடத்துல இருந்தா அப்படித்தான் நினைப்பேன். கொன்னவனைக் கூட்டியாந்து பால்ல ரொட்டி ஊற வெச்சுக் குடுக்கிறான்னா அந்தக் கிழவனை யாரு நம்புவா? அதனால ஒவ்வொரு வேளையும் மொதல் ஸ்பூன் எனக்கு, அடுத்தது அவனுக்கு. சக்கரை போட்ட பால் வேற. என் டாக்டர் பார்த்தா என்னையும் பக்கத்துல ஒரு கட்டில் போட்டுப் படுக்க வெச்சுடுவார்.

போதகர் வந்தார். கூட ஒரு ஆளு, கையில கேமரா. நான் லாரிக்காரன் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு சாட்சி சொல்லணுமாம், எல்லா சபைக்கும் அனுப்பணுமாம். இந்தக் கெட்டுப்போன காலத்துக்கு இது வெளிச்சமாம். "எடுங்கய்யா, ஆனா இப்ப இவனுக்குப் பின்பக்கம் துடைக்கிற நேரம், அதுலேர்ந்து ஆரம்பிச்சா வெளிச்சம் நல்லா இருக்கும்"னேன். கேமராக்காரன் மூக்கைப் பிடிச்சுக்கிட்டான். போதகர் சின்னதா ஒரு ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பிட்டார். அவ்வளவு சின்ன ஜெபத்தை அவர் வாயிலேர்ந்து நான் கேட்டதே இல்ல.

இன்னொண்ணு. இதை யார்கிட்டயும் சொல்லாதே.

போன செவ்வாய்க்கிழமை படுக்கையை மாத்துறப்ப அவனைக் கிள்ளிட்டேன். தொடையில. தெரியாம இல்ல. தெரிஞ்சே, நல்லாத் திருகி. அவனைப் புரட்டினப்ப முதுகு தெரிஞ்சுது, உன் தம்பியும் அப்படித்தான் குப்புறத் தூங்குவான். அவ்வளவுதான், கை போயிடுச்சு. அவன் கத்தல. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். எனக்குக் கூசிப் போச்சு. சமையல்கட்டுல போய் நின்னுட்டு வந்தேன்.

அன்னிக்கு சாயங்காலம் ரொட்டி கொண்டு போனேன். வழக்கம் போல மொதல் ஸ்பூனை என் வாயில வெக்கப் போனா, அவன் வாயைத் திறந்து காட்டுறான். நேரா அவனுக்கு ஊட்டச் சொல்றான். வாய்கிட்ட காதை வெச்சுக் கேட்டேன், ஏண்டா இன்னைக்குப் பயம் இல்லையான்னு. "இப்பத்தான் நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு தெரிஞ்சுது. முன்னாடி தெரியல"ன்னான்.

நான் பால் குடுத்து வராத நம்பிக்கை, கிள்ளினதுல வந்துருக்கு. இதை எந்தப் போதகர்கிட்ட போய் கேக்குறது?

அப்பன்


ஜூலை 5

அப்பா,

கிள்ளியதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக என் மேலேயே கோபம் வந்து, குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

வண்டியைத் திருப்பி அனுப்பியதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி ஆகிவிடும். எழுதவில்லை.

படம் எடுக்காவிட்டாலும் உங்கள் போதகர் கதையைப் பரப்பிவிட்டார். எங்கள் சபைக்கும் வந்துவிட்டது. போன ஞாயிறு என்னை மேடைக்குக் கூப்பிட்டு, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பரிசுத்தவானுக்குப் பிறந்த மகள் என்று சொல்லிக் கைதட்டச் சொன்னார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தால், அதே ஆட்கள் யார் வண்டியை யார் மறித்து நிறுத்தியது என்று கழுத்து நரம்பு புடைக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒன்று தோன்றியது. நீங்கள் செய்வதை நான் வெறுக்கிறேன்; ஆனால் அவர்கள் அதைப் பாராட்டுவதை அதைவிட அதிகமாக வெறுக்கிறேன்.

வேறொன்று கேட்க வேண்டும். இதை எழுதுவதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன்.

தம்பி உடனே இறந்துவிட்டான் என்று கோர்ட்டில் டாக்டர் சொன்னார். 'பெரும்பாலும்' என்ற சொல்லையும் சேர்த்துச் சொன்னார். நீங்கள் கவனித்தீர்களா தெரியாது. அந்த ஒரு சொல் என்னைத் தூங்க விடவில்லை. அவன் உயிரோடு கிடந்தானா? ஏதாவது பேசினானா? அது தெரிந்தவன் உலகத்தில் ஒருவன்தான். அவன் உங்கள் கையால் சாப்பிடுகிறான்.

கேட்டு எழுதுங்கள். எனக்காக நீங்கள் செய்யும் ஒரே காரியமாக இருக்கட்டும். என்னைச் சமாதானப்படுத்த எதையாவது எழுதாதீர்கள். நடந்ததை எழுதுங்கள்.

மகள்


ஜூலை 19

அம்மாடி,

லேட்டாயிடுச்சு. இங்க நல்ல மழை. டெய்லரம்மா மனசு மாறிட்டாங்க, அவனுக்குன்னு பழைய துணியில மெத்தை விரிப்பு தைச்சுக் குடுத்திருக்காங்க. கட்டடத்து செகரட்டரிதான் மாடிப்படியில என்னைப் பார்த்தா கைக்குட்டையை எடுத்து மூக்குல வெச்சுக்கிறார். நான் பக்கத்துல போய் நின்னு நலம் விசாரிச்சு, கொஞ்சம் கூடவே பேசிட்டு வர்றேன்.

எழுத வந்தது இது இல்ல. உனக்கும் தெரியும்.

மொதல்ல ஒரு பொய் எழுதினேன். அடிபட்ட உடனே போயிட்டான், வலியே தெரிஞ்சிருக்காதுன்னு. நல்ல பொய். உங்கம்மா இருந்திருந்தா அதைத்தான் அனுப்பச் சொல்லியிருப்பா. கவர்ல போட்டு ஒட்டியும் ஒட்டிட்டேன். தபால் பெட்டி வரைக்கும் கொண்டு போனேன். போடக் கை வரல. நீ நடந்ததை எழுதுன்னு சொல்லியிருக்க. அவன் எனக்கு மகன்னா உனக்குத் தம்பி. அவனோட கடைசிச் சேதியை நான் ஒருத்தனே வெச்சுக்கிட்டா அது திருட்டு.

அவனைத் துடைச்சுவிடுறப்பத்தான் கேட்டேன். அவனுக்கு இப்ப சத்தம் வெளிய வர்றதில்ல. வாய்ல காதை ஒட்ட வெச்சாத்தான் எனக்குக் கேக்கும். அப்படித்தான் கேட்டுக்கிட்டேன்.

லாரியை நிறுத்திட்டு இறங்கியிருக்கான். தம்பி உயிரோட இருந்தான். ரோட்டோரம் மல்லாந்து கிடந்திருக்கான். இவன் குடிச்சிருந்தான், கால் நிக்கல, பக்கத்துல உக்காந்துட்டான். தம்பி இவனைப் பார்த்துப் பேசினான். "அண்ணே, போகாதீங்கண்ணே"ன்னான். வேற எதுவும் கேக்கல. நம்ம பேரைச் சொல்லல, வலிக்குதுன்னும் சொல்லல. அதை மட்டும் சொல்லிக்கிட்டே இருந்திருக்கான்.

தூரத்துல ஏதோ வண்டி வர்ற சத்தம் கேட்டுருக்கு. மாட்டிக்குவோம்னு எந்திருச்சு ஓடிட்டான். வயக்காட்டுக்குள்ள போய்ப் படுத்துக்கிட்டான். ஆனா அந்த வண்டி இந்தப் பக்கம் வரல, வேற ரோட்டுல திரும்பிடுச்சு. அது இவனுக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் திரும்பிப் போகல. தம்பி குரல் கொஞ்ச நேரம் கேட்டுச்சாம். அப்புறம் கேக்கலையாம்.

இவ்வளவுதான். குறைக்கல, கூட்டல.

அதுக்கப்புறம் நான் என்ன பண்ணேன்னு நீ கேப்ப. துணியைத் தண்ணி வெச்சிருந்த ஏனத்துல போட்டுட்டு மாடிப்படியில போய் உக்காந்தேன். அங்க என்ன நினைச்சேன்னு எழுத மாட்டேன், அதை ஆண்டவர் கேட்டிருப்பார், அது போதும். செகரட்டரி கூட வந்து, என்ன பெரியவரே உடம்பு சரியில்லையான்னு கைக்குட்டை இல்லாம விசாரிச்சுட்டுப் போனார். என் மூஞ்சி அப்படி இருந்துருக்கு.

கொஞ்சம் கழிச்சு, அவனைப் பாதி துடைச்சபடி விட்டுட்டு வந்தது ஞாபகம் வந்துது. ஈரத்தோட கிடப்பான். உள்ள போய் மீதியைத் துடைச்சேன். தண்ணி ஆறிப் போயிருந்துது. சுட வெக்கல. அந்த ஜில்லுத் தண்ணியிலேயே துடைச்சேன். நடுங்கினான். பார்த்துக்கிட்டே துடைச்சேன்.

ஊரு கைதட்டுற பரிசுத்தம் இவ்வளவுதான் அம்மாடி. ஆறிப்போன தண்ணி.

ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

அப்பன்


ஜூலை 27

அப்பா,

படித்தேன்.

அதைக் காதில் கேட்டுவிட்டு எப்படி உள்ளே திரும்பிப் போனீர்கள்?

சனிக்கிழமை வருகிறேன். உங்களை என்னோடு கூட்டிப்போகத்தான் வருகிறேன். அவன் இருக்கும் வீட்டுக்குள் நான் கால் வைக்க மாட்டேன். நான் வருவதற்குள் அவனை எங்காவது அனுப்பிவிடுங்கள். எங்கே என்று எனக்குத் தெரிய வேண்டாம்.

மகள்


ஆகஸ்ட் 2, சனிக்கிழமை காலை

அம்மாடி,

நீ கீழ பெஞ்சுல உக்காந்திருக்கிறது ஜன்னல்ல தெரியுது. இளைச்சுட்ட. கத்தாதே, எனக்குக் கேக்காது, மத்த மாடிக்காரங்களுக்குத்தான் பொழுது போகும். காய்கறி வாங்குற கூடையில இதை வெச்சுக் கயித்துல இறக்குறேன். பேனாவும் போட்டிருக்கேன். பின்பக்கத்துல எழுதி அனுப்பு.

அவனை அனுப்பல. அனுப்ப முடியாது. ரெண்டு நாளா கண்ணைத் திறக்கல. மூச்சு வரும், நிக்கும், அப்புறம் வரும். இன்னைக்குத் தாண்டாதுன்னு ஆஸ்பத்திரி நர்ஸம்மா வந்து பார்த்துச் சொல்லிட்டுப் போச்சு. நீ உள்ள வர வேண்டாம். மாடிப்படி வரைக்கும் வா. நான் கதவைத் திறந்து வெச்சுட்டு, அவன் பக்கத்துலயும் இருந்துக்கிட்டு உன்னையும் பாக்கிறேன். ரெண்டு கண்ணு இருக்குல்ல, ஆளுக்கு ஒண்ணு.

அப்பன்


(அதே தாளின் பின்பக்கம்)

அப்பா,

வேடிக்கை வேண்டாம். நான் படியேற மாட்டேன். ஏறினால் உள்ளே வந்துவிடுவேன். உள்ளே வந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

நீங்கள் இறங்கி வாருங்கள். கண்ணைத் திறக்காதவனுக்கு நீங்கள் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். டெய்லரம்மாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள், முடிந்ததும் அவர் ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்வார். என் வீட்டில் உங்களுக்கு அறை ஒழித்து வைத்திருக்கிறேன். உங்கள் பேத்தி அதில் சுவரெல்லாம் படம் ஒட்டியிருக்கிறாள்.

தம்பி போய்விட்டான். உங்களுக்கு மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான். இன்று நீங்கள் வராவிட்டால் நான் இனிமேல் இந்தத் தெருவுக்கு வரமாட்டேன். மிரட்டவில்லை அப்பா. என்னால் முடியாது, அவ்வளவுதான்.

தம்பியை அப்படி விட்டுவிட்டு ஓடியவனை விட்டு ஏன் உங்களால் வர முடியவில்லை? அதை மட்டும் எழுதுங்கள். காத்திருக்கிறேன்.


அம்மாடி,

ஏன்னு கேட்டிருக்க. கிண்டல் இல்லாம எழுதப் பாக்கிறேன். கை பழகல, மெதுவாத்தான் வரும். பொறுத்துக்க.

அவன் மேல பாசம் வந்துடுச்சுன்னு நினைக்காதே. வரல. வரும் வரும்னு பார்த்தேன். ஜெபம் கூடப் பண்ணிப் பார்த்தேன், சிரிக்காம. இப்பவும் அவன் மூச்சு நிக்கிறப்பல்லாம், இத்தோட நின்னுட்டா நல்லா இருக்கும்னுதான் மொதல்ல தோணுது. அப்புறம் மூச்சு வருது. எனக்கு அப்பாடான்னும் இருக்கு, ச்சேன்னும் இருக்கு.

நீ எழுதினது சரி. நான் இவனைக் கூட்டியாந்தது எனக்காகத்தான். அந்தப் பக்கம் போறப்ப வெறுங்கையா போகக் கூடாதுன்னு ஒரு ஆசை. இதோ பாருங்க ஆண்டவரே, நான் என்ன பண்ணியிருக்கேன்னு காட்டலாம்னு. அந்த ஆசை மாடிப்படியில உக்காந்த அன்னிக்கே போயிடுச்சு. இப்ப காட்டுறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. போன தடவை நீ கேட்டதுக்கு இதுதான் பதில், நல்லவனா இருந்ததால உள்ள திரும்பிப் போகல.

உன்னை விட இவன் பெரிசான்னு நீ கேக்கல, ஆனா கேக்குற. இல்ல அம்மாடி. உனக்கு முன்னால இவன் ஒண்ணுமே இல்ல. இப்பவே இந்தப் படியில இறங்கி ஓடி வந்து, உன் பையை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு, அந்தப் படம் ஒட்டின அறையில போய் உக்காந்துக்கலாம். அதுதான் எனக்கு வேணும். செத்தாலும் அங்க சாகத்தான் ஆசை. என் பேத்தியைத் தூக்கலைன்னு எழுதினியே, அது

இரு. ஏன் எந்திரிச்ச?

உக்காரு. இதோ முடிச்சுட்டேன். நான் கையை ஆட்டுறது தெரியுதா? மேல பாரு.

பையை எடுக்காதே. முக்கியமானதை இன்னும் எழுதவே இல்ல, சுத்தி வளைச்சுட்டேன், என் புத்தி அப்படி. வாசல் கேட் கிட்டப் போயிட்ட. கயிறு அவ்வளவு தூரம் எட்டாதே. கொஞ்சம் நில்லு அம்மாடி. நான் ஏன் வரலைன்னா, அன்னிக்கு ரோட்டுல கிடந்து உன் தம்பி போகாதீங்கன்னு கேட்டதை, யாராவது ஒருத்தன், யாருக்காவது